ஊராட்சிக்கு காலநிலை திட்டம் எப்படி போடறதுங்க?

அவிநாசிக்காரன்: ஏனுங்க, அக்டோபர் 2 கிராம சபைல வெயிலுக்கும் தண்ணிக்கும் ஒரு திட்டம் வைக்கோணும்னு இருக்கறோம், எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. போன சித்திரைல மோட்டார் போட்டா பத்தே நிமிஷத்துல காத்துதான் வந்துச்சு.

மேட்டுப்பாளையத்தான்: மொதல்ல ஊராட்சி கரண்ட் பில்ல எடுத்துப் பாருங்க, தெருவிளக்குக்கும் தண்ணி மோட்டாருக்கும் எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சாத்தான் சோலார் பேச முடியும். எங்க பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006லயே 350 கிலோவாட் காத்தாலை வெச்சு மிச்ச கரண்ட்ட மின்வாரியத்துக்கே வித்துச்சுங்க.

நொய்யல்கரை: கரண்ட் அப்பறம்ங்க, குளம்தான் முக்கியம். பவானி ஆத்து உபரித் தண்ணியக் குளங்களுக்குக் கொண்டுவர்ற அத்திக்கடவு திட்டத் தண்ணி 2024ல வந்துருச்சு, சரி. மழைத்தண்ணி வர்ற ஓடைல சீமக்கருவேலம் மண்டிக் கெடந்தா குளம் எப்படி ரொம்பும்?

அவிநாசிக்காரன்: ஞாயித்துக்கெழம பெரியவங்களக் கூட்டிட்டு ஓடைய நடந்து பாத்துடறோமுங்க.