திருகோணமலை உப்புவெளி வீட்டுக் குழு: சோலாரை அணைப்பதா?

12 ஏப்ரல் 2025, சனிக்கிழமை

வசந்தி: நாளை 13ஆம் திகதி தொடக்கம் 21ஆம் திகதி வரை, ஒவ்வொரு நாளும் பிற்பகல் 3 மணி வரை, கூரைச் சோலாரை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டிருக்கிறது. அணைக்காத வீடுகளின் மீற்றரைக் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று முன்வீட்டில் சொல்கிறார்கள். வருடப்பிறப்பன்று எல்லோரும் இங்கே வருகிறீர்கள், நான் என்ன செய்ய வேண்டும்?

நிரோஜன்: மீற்றர் கதை வதந்தி, சித்தி. அறிவித்தலில் இருப்பது வேண்டுகோள் மட்டும்தான்.

ரமணன் (ஸ்காபரோ, கனடா): வேண்டுகோள் என்றால் மறுக்கலாம். 2018இல் அந்தத் தகடுகளுக்குக் காசு அனுப்பியவன் நான். என் கூரையில் விழும் வெயிலுக்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.

தவம் சித்தப்பா: கூரை அண்ணா போட்டது, தம்பி.

சிவஞானம் மாமா: பிள்ளைகளே, அவசரப்படாமல் வாசியுங்கள். மின்கட்டமைப்பின் மீடிறன், அதாவது மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற எண், 50 ஹேட்ஸில் நிற்க வேண்டுமானால், உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். விடுமுறைக்குத் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடப்பதால் பகல் பாவனை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சித்திரை வெயிலோ உச்சியில் நிற்கிறது. நீர்மின் நிலையங்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குறைக்கலாம், ஆனால் வீட்டுக் கூரைகளை அங்கிருந்து யாரும் தொட முடியாது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தை மத்தியானம் நிறுத்திவிட்டு மாலையில் மறுபடி மூட்டவும் முடியாது. அதோடு, எங்கேனும் ஒரு கோளாறு நேரும்போது மீடிறன் சட்டென்று விழாமல் தாங்குவது இத்தகைய நிலையங்களில் சுழலும் பாரமான இயந்திரங்களின் சடத்துவம், அதாவது சுழன்றபடியே தொடரும் தன்மை. தகடுகளின் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்றதாக மாற்றும் நம் இன்வேட்டருக்குள் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லை. கடந்த பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிரோஜன்: அந்தக் கோளாறு ஒரு குரங்கால் வந்தது என்றாரே அமைச்சர், அந்தக் குரங்கை விட்டுவிட்டீர்கள், தாத்தா.

சிவஞானம் மாமா: அமைச்சர் சொன்ன குரங்கை நான் மறுக்கவில்லை. பாவனை கூடிய ஒரு வேலைநாளில் அதே குரங்கு ஏறியிருந்தால் கட்டமைப்பு தாங்கியிருக்கக்கூடும் என்கிறேன்.

ரமணன்: இங்கே ஒன்ராறியோவில் 'பீக் பேர்க்ஸ்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. கோடையில் பாவனை கூடும் வேலைநாட்களில் வீட்டு ஏசியின் வெப்பநிலையை அவர்களே தூரத்திலிருந்து சிறிது கூட்டுவார்கள். விரும்பியவர்கள்தான் சேருகிறார்கள், சேரும்போது 75 டொலரும் கிடைக்கிறது. அங்கே என்ன கிடைக்கிறது? நம்முடைய 5 கிலோவாட், 3 மணிக்கு முன் நாளுக்குச் சுமார் 15 அலகு தரும். அலகுக்குச் சபை தரும் விலை 22 ரூபா என்றால் ஒன்பது நாளில் ஏறக்குறைய 3,000 ரூபா நட்டம்.

வசந்தி: அந்த 22 ரூபா முதல் ஏழு வருடத்துக்குத்தான், அதன் பிறகு 15 ரூபா 50 சதம். காசு என் கணக்குக்கு வருவதை நீ நினைவுபடுத்தாத மாதமே இல்லை என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

தவம் சித்தப்பா: 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆரைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் வாங்க நான் வரிசையில் நின்றேன். அப்போது என் சுதந்திரத்தைப் பற்றி ஸ்காபரோவிலிருந்து ஒருவரும் எழுதவில்லை.

பெரியம்மா: மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996இல் மணிக்கூட்டையே மாற்றினார்கள். உங்கள் அப்பா பழைய நேரத்தை விடமாட்டேன் என்று நின்றதால், அடுத்த வருடப்பிறப்புக்கு இந்த வீட்டில் முழுகுமுன் தலையில் வைக்கும் மருத்துநீரை இரண்டு தடவை வைத்தோம்.

சிவஞானம் மாமா: அந்த நேரமாற்றம் 2006 ஏப்ரலில்தான் முற்றாக நீங்கியது, அக்கா. என் முடிவு இதுதான்: கூரை அவரவருடையது, மீடிறன் எல்லோருக்கும் பொதுவானது, ஆகவே கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நட்டத்தைக் கூரைக்காரரின் தலையில் மட்டும் போட்டுவிட்டு, மாலை 6.30 முதல் 10.30 வரை எண்ணெய் எரித்து மின்சாரம் எடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பகல் வெயிலை மின்கலத்தில் சேமித்து இரவில் கொடுப்பவருக்கு நல்ல விலை தந்தால், அணைக்கச் சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

தவம் சித்தப்பா: சம்பூரில் 120 மெகாவாட் சூரிய நிலையத்தின் கட்டுமானத்தைப் போன வாரம் மோடி கொழும்பில் இருந்தபடி தொடக்கி வைத்தார். அது முடிந்து வந்த பிறகு நம் கூரைகளுக்கு என்ன சொல்வார்கள்?

சிவஞானம் மாமா: நல்ல கேள்வி. ஒன்றை மறந்துவிட்டேன்: இந்த நாட்களில் மத்தியானம் மின்சாரத்தைக் கூடுதலாகப் பாவிப்பதும் கட்டமைப்புக்கு உதவிதான்.

பெரியம்மா: அப்படியானால் மேல்மாடி ஏசியை மத்தியானம் போடுவதில் தடையில்லை. வசந்தி இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

வசந்தி: வாசித்தேன், பெரியம்மா. பில்லையும் நீங்களே வாசிப்பீர்கள் என்றால் போடலாம்.

ரமணன்: வருடப்பிறப்பன்று மட்டும் அணையுங்கள். மற்ற நாட்களைப் பிறகு பேசுவோம்.

வசந்தி: நாளை ஞாயிற்றுக்கிழமை, பாவனை இன்னும் குறைவு. நாளைக்கும் அணைக்கத்தான் நினைக்கிறேன். சோலாரை அணைக்கும் செயலியின் கடவுச்சொல் அத்தானிடம் இருக்கிறது, யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

நிரோஜன்: அப்பா இந்தக் குழுவை விட்டு விலகியதே உங்கள் இருவரின் சோலார்க் கணக்கைப் பார்த்துத்தான், சித்தி.

சிவஞானம் மாமா: கடவுச்சொல் தேவையில்லை. இன்வேட்டருக்குப் பக்கத்திலுள்ள, அதன் மின்சாரத்தை வெளியே விடும் பிறேக்கரைக் கீழே இறக்கினால் போதும். 3 மணிக்கு மறுபடி உயர்த்துங்கள்.

வசந்தி: 15ஆம் திகதி நான் மட்டக்களப்பில் நிற்பேன். அன்றைக்கு யார் உயர்த்துவது?

ரமணன்: இறக்காவிட்டால் உயர்த்தவும் தேவையில்லை.