முதுகுத் தண்டில் அடிபட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது? உங்கள் வீட்டு அனுபவம் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் தோட்டத்துப் பையன்:
சித்தப்பா முதுகில் செம்பனைக் குலை விழுந்தபோது கால் விரல் அசைந்தது, நானே பார்த்தேன். ராத்திரிக்குள் அதுவும் நின்றுவிட்டது. லோரியில் தூக்கிப் போட்டவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. கண்டபடி தூக்கினால் ஆபத்து என்பது உண்மைதான், ஆனால் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்: அடி ஒரு நொடியில் முடிந்துவிடும், அப்புறம் தண்டுக்குள்ளேயே இன்னொரு சேதம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் பரவுமாம். நசுங்கிய நரம்பு செல்களிலிருந்து குளுட்டமேட் கொட்டுகிறது. வழக்கமாக அது செல்லுக்குச் செல் சேதி கடத்துகிற பொருள்தான், மிஞ்சிப்போனால் பக்கத்து செல்களுக்குள் கால்சியம் பாய்ந்து அவையும் சாகின்றன. கசிந்த ரத்தத்திலுள்ள இரும்பு வேறு, செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கிற வினைகளைத் தூண்டிவிடுகிறது. அடியால் வரும் சேதம் ஒன்று, அதற்குப் பின் உள்ளே ஊறும் பொருள்களால் வரும் சேதம் இன்னொன்று என்று ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் 1911 வாக்கிலேயே நாய்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார். தூக்கியவர்களில் ஒருவர் இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை, பாவம்.

ஈப்போ ரோட்டு அக்கா:
எங்கள் வீட்டில் சண்டை, வீக்கம் குறைக்கிற ஸ்டீராய்டு ஊசிக்காக. மோட்டாரில் விழுந்த தம்பிக்கு ஏன் போடவில்லை என்று வெளியூர் மச்சான் வார்டிலேயே சத்தம். 8 மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டைப் போட்டால் கொஞ்சம் பலன் என்று 1990இல் வந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டார். கிருமித் தொற்று, வயிற்றில் ரத்தக்கசிவு என்று பக்கவிளைவு அதிகம் என்பதால் 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். இப்போதும் டாக்டர்களுக்குள் வாதம் ஓடுகிறது, மச்சானிடம் யார் சொல்வது?

ஓய்வுபெற்ற டிரெஸர் (மருத்துவ உதவியாளர்):
தம்பி, சித்தப்பா கால் இனிமேல் தானாக வெட்டி இழுத்தால் வீட்டில் எல்லாரும் மாரியம்மன் கண் திறந்தாள் என்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அது வேறு. அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள செல்கள் குளோரைடை வெளியேற்றும் வேலையில் பின்தங்கிவிடுகின்றன, அதனால் அவற்றை அடக்கி வைக்கிற காபா என்ற பொருளுக்குப் பழைய பிடி இல்லாமல் போகிறது, லேசாகப் போர்வை பட்டாலே கால் துள்ளும். முதலில் துவண்டு கிடந்த கால் சில வாரம் கழித்து விறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குத்தான் பேக்லோஃபென் மாத்திரை, காபா செய்கிற வேலையை அது வேறு வழியில் செய்யும். தீபாவளி லீவுக்கு முன்னாடியே வாங்கி வையுங்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம்.