அரசு அலுவலகத்தில் மக்கள் தொடர்புப் பொறுப்பு: எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் ஒரு அரசு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறேன். இத்தனை வருடம் டெக்னிக்கல் பக்கம், இப்போது மக்கள் தொடர்பு முழுவதும் என் பொறுப்பு. பத்திரிகைச் செய்தி, ஃபேஸ்புக், நிருபர்களுக்குப் பதில், மழைக்காலத்தில் பொதுமக்களுக்கு அறிவிப்பு, எல்லாமே. ஒரே ஒரு பயிற்சிக்கு லீவும் கட்டணமும் தருவதாக மேலதிகாரி சொல்கிறார். டெல்லியில் மத்திய அரசின் இதழியல், மக்கள் தொடர்புப் பயிற்சி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி.யின் குறுகிய காலப் பயிற்சிக்குப் போகலாமா, இல்லை சென்னையில் தனியார் நடத்தும் சோஷியல் மீடியா வகுப்பா? அரசு ஊழியர்களுக்கான இணையப் பயிற்சித் தளம் ஐகாட் கர்மயோகியில் கணக்கு இருக்கிறது, அதில் சான்றிதழைத் தாண்டிப் பயன் உண்டா? தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்த ஊர் நம்முடையது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்றவன்:
தம்பி, நான் இதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சோஷியல் மீடியா வகுப்பை விட்டுவிடுங்கள், போஸ்டர் செய்வதை உங்களுக்குக் கீழே உள்ள பையனே கற்றுக்கொள்வான். நம் மாவட்டத்தில் இந்த வேலை நிஜமாகச் சோதிக்கப்படுவது நவம்பர், டிசம்பரில்தான், அதனால் பேரிடர் நேரத்தில் எப்படித் தகவல் சொல்வது என்பதில் பயிற்சி எடுங்கள்.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. இதற்கென்றே ஒரு கையேடும் பயிற்சியும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, செர்க் என்பார்கள். அதன் சாரம் ஆறு விஷயம்: முதலில் சொல், சரியாகச் சொல், நம்பும்படி சொல், மக்கள் படும் பாட்டை உணர்ந்து சொல், என்ன செய்ய வேண்டும் என்று சொல், மரியாதையோடு சொல். நாம் பெரும்பாலும் கோட்டை விடுவது ஐந்தாவதில்.

2024 டிசம்பரில் தென்பெண்ணையாற்றுச் சாத்தனூர் அணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள் என்ற செய்தி எல்லா இடத்திலும் வந்தது. அதே ஆற்றின் கரையில் நாணமேட்டிலோ கண்டக்காட்டிலோ இருக்கும் ஒரு குடும்பம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருமா, எத்தனை மணிக்கு, மாட்டை எங்கே கட்டுவது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, இதுதான் அவர்களுக்கு வேண்டும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறது என்றால் சோனங்குப்பத்து மீனவருக்குப் புரியும், புதிதாகக் குடிவந்தவருக்குப் புரியாது. ஒரே தகவலை ஆளுக்குத் தகுந்தபடி எழுதப் பழகுவதுதான் பெரிய பயிற்சி.

புதுவை நிருபர்:
எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். மாவட்டப் பதிப்புக்குச் செய்தி சாயங்காலமே போயாக வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு வரும் அழகான பத்திரிகைச் செய்தியால் எங்களுக்குப் பயனில்லை. அந்த நேரத்துக்குள் வாட்ஸப்பில் வதந்தி இரண்டு சுற்று வந்திருக்கும். "இது உறுதி, இது இன்னும் உறுதியாகவில்லை, அடுத்த தகவல் ஆறு மணிக்கு" என்று மூன்று வரி அனுப்புங்கள், ஆறு மணிக்கு மறக்காமல் அனுப்புங்கள், போதும், நிருபர்கள் உங்களை நம்ப ஆரம்பித்துவிடுவார்கள். வானொலியை மறக்காதீர்கள் சார், கரண்ட் போனால் ஃபேஸ்புக் எல்லாம் அதோடு சரி, பேட்டரி ரேடியோவில் புதுச்சேரி நிலையம் கடலூருக்கும் கேட்கும்.

அப்புறம், பயிற்சி உங்களுக்கு மட்டும் போதாது. எண்ணிக்கையைக் கையில் வைத்திருக்கும் இன்ஜினியர் போனை எடுக்கவில்லை என்றால் நீங்கள் என்ன படித்திருந்தாலும் பதில் சொல்ல முடியாது. அவர்களையும் உட்கார வைத்து ஒரு பொய்ப் பிரஸ் மீட் நடத்துங்கள், கேள்வி கேட்க நாங்களே வருகிறோம்.

மஞ்சக்குப்பம்:
டெல்லியை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஐ.ஐ.எம்.சி. 1965லிருந்து இருக்கிறது, மத்திய அரசின் இந்தியத் தகவல் பணி அதிகாரிகளே அங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள், அந்தத் தொடர்புகள் பின்னால் உதவும். ஆனால் தேதி மழைக்காலத்தில் விழுந்தால் போகாதீர்கள். ஐகாட் அடிப்படைக்குப் பரவாயில்லை, உங்கள் இரண்டாம் நிலை ஆட்களை அதில் சேர்த்துவிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு மட்டும் நீங்களே படியுங்கள், யாரும் கேட்காமலேயே எதையெல்லாம் வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. இணையதளத்தில் அதை ஒழுங்காக வைத்தால் பாதிக் கேள்வி குறையும்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி. டெல்லியை ஜனவரிக்கு மேல் கேட்கிறேன், இப்போது செர்க்கை முடித்துவிட்டு ஒத்திகைக்கு அனுமதி வாங்குகிறேன். ஐயா, ஒத்திகைக்கு யாரையெல்லாம் கூப்பிடுவது?

ஓய்வு பெற்றவன்:
மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 கட்டுப்பாட்டு அறையில் இரவு ஷிப்டில் போன் எடுப்பவர் கட்டாயம் வேண்டும். விஏஓக்கள், கிராம உதவியாளர்கள், தேவனாம்பட்டினம், தாழங்குடா ஊர் பஞ்சாயத்தார், மைக் கட்டி அறிவிக்கும் ஆட்டோக்காரர். தண்டோராவை 2022லேயே நிறுத்தியாயிற்று, இப்போது கடைசியில் ஊருக்குச் சொல்வது அந்த மைக்தான். எழுதிய அறிவிப்பை அவர்களிடம் படித்துக் காட்டி, இதைக் கேட்டதும் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால் அறிவிப்பைத் திருத்துங்கள், அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆகஸ்டிலேயே தேதி வாங்கிவிடுங்கள், செப்டம்பர் வந்தால் எல்லாரும் முன்னெச்சரிக்கைக் கூட்டங்களில் மாட்டிக்கொள்வார்கள்.