அம்மாவின் வழக்கம் யாருக்குத் தெரியும்? முதியோர் இல்லத்தில் கழிந்த கொரோனா நாட்கள்

அம்மா இல்லத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மறதி நோய். வாரத்துக்கு நாலு நாள் போவேன். தலை வாரிவிடுவேன், நகம் வெட்டுவேன், காது மிஷினுக்கு பேட்டரி மாற்றுவேன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த வாரமே இல்லத்திலிருந்து போன் வந்தது, இனி வெளியாட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று. நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அமெரிக்காவில் கிர்க்லாந்து என்ற ஊரின் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பிப்ரவரிக் கடைசியிலேயே தொற்று பரவி, வயதானவர்கள் அடுத்தடுத்து இறந்ததைப் படித்திருந்தேன். கதவை மூடுவதுதான் சரி என்று மனதார நம்பினேன். அந்த முதல் சில வாரங்களைப் பொறுத்தவரை இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

காலையும் மாலையும் அம்மாவுக்கு உடல் சூடு பார்த்து எழுதினார்கள். 98 டிகிரிக்குள் இருந்தால் "நன்றாக இருக்கிறார்" என்று எனக்குச் செய்தி வரும். ஏப்ரலில் ஒரு நாள் வீடியோவில் பேசும்போது அம்மா போர்வை நுனியை விரலில் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முன்பு சிறுநீர்த் தொற்று வந்தபோதெல்லாம் அவர் செய்தது இதைத்தான். போனைப் பிடித்திருந்த பெண்ணிடம் சொன்னேன். "டெம்பரேச்சர் நார்மல்தான் மேடம்" என்றார். ஆள் பற்றாக்குறைக்கு அனுப்பப்பட்டவர், அம்மாவைப் பார்த்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய பணியாளர்கள் பாதிப் பேர் தனிமைப்படுத்தலில் இருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மா கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தார். பரிசோதித்தார்கள், பாசிட்டிவ். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86 சதவீதம், மிகக் குறைவு. அப்போதும் காய்ச்சல் இல்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். வயதானவர்களின் உடல் சூடு இயல்பாகவே சற்றுக் குறைவாக இருக்கும். எதிர்ப்பாற்றல் மந்தமாக வேலை செய்வதால், தொற்று வந்தாலும் காய்ச்சல் எழும்பாமல் போகலாம். அதற்குப் பதில் திடீர்க் குழப்பம், கீழே விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, பகலெல்லாம் தூங்குவது என்று வேறு வழியில் காட்டும். கிர்க்லாந்து இருக்கும் அதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இன்னொரு இல்லத்தில் நடந்த ஆய்வில், தொற்று உறுதியான 48 பேரில் 27 பேருக்குப் பரிசோதனை நாளன்று எந்த அறிகுறியும் இல்லை. வாசலில் வெப்பமானி வைத்து எத்தனை பேரைக் கண்டுபிடித்திருக்க முடியும்? அம்மாவிடம் தெரிந்த மாற்றத்தை எந்தக் கருவியும் காட்டியிருக்காது. அவருடைய வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த ஆளைத்தான் வெளியே நிறுத்திவிட்டோம்.

அம்மா பிழைத்துக்கொண்டார். நடை மட்டும் திரும்பவில்லை.

*

அக்கா, நீங்கள் குறை சொல்லாமல் விட்ட அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி, 18 பேருக்கு நான் ஒருவன். ஒரு சம்பளம் போதாமல் எங்களில் பலர் இரண்டு இல்லங்களில் மாறி மாறி வேலை பார்த்தோம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று எங்கள் வழியாகவே போயிருக்கும் என்று பிறகு புரிந்தபோது பல நாள் தூக்கம் வரவில்லை.

முகக்கவசம், அதன் மேல் பிளாஸ்டிக் தடுப்பு, உடம்பு முழுக்க அங்கி. காது கேட்காத பெரியவர்கள் பலர் எங்கள் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அது போயிற்று. மறதி நோய் உள்ளவர்களோ எங்களைப் பார்த்தே பயந்தார்கள். நான் சிரிக்கும் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு அங்கியின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன். சிலருக்கு அது உதவியது.

ஒரு பெரியவருக்கு அதுவும் உதவவில்லை. உடை மாற்றப் போனால் அடிப்பார். மருந்தைத் துப்புவார். தூக்க மருந்து கொடுக்கலாமா என்ற பேச்சுகூட வந்தது. அவர் மனைவிக்கு போன் செய்து கேட்டேன். "அவர் 35 வருஷம் வாத்தியாராக இருந்தவர் தம்பி. வாசலில் நின்று 'சார், உள்ளே வரலாமா?' என்று கேட்டுப் பாருங்கள்" என்றார் அந்த அம்மா. அன்று ராத்திரி கேட்டேன். தலையை நிமிர்த்தி, "வா, உட்கார்" என்றார். அப்புறம் ஒரு நாளும் அடிக்கவில்லை.

அடுத்த நாளே எல்லாக் குடும்பங்களையும் அழைத்து ஆளுக்குப் பத்து வரி கேட்டு வாங்கினேன். எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், வலித்தால் வாயால் சொல்வாரா, முகம் சுளிப்பாரா, சும்மா அமைதியாகிவிடுவாரா? ஒவ்வொருவர் அலமாரிக் கதவின் உள்பக்கமும் அந்தத் தாளை ஒட்டினேன். புதிதாக வருகிற ஆளுக்கு அதைவிட நல்ல பயிற்சி எங்களால் தர முடிந்திருக்காது. இதை மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றியது ஜூனில்.

கடைசி நேரங்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. ஒரு தாயின் காதருகே போனை நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் பேசிக்கொண்டே இருந்தார். என் கை மரத்துப்போயிருந்தது என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

*

நான் வெளியிலிருந்து பார்த்தவன் இல்லை. இல்லத்தின் உள்ளேயே வசித்தவன். அப்போது வயது 81. நடக்கிறேன், படிக்கிறேன், புத்தி தெளிவாக இருக்கிறது. ஐந்து மாதம் சாப்பாடு தட்டில் அறை வாசலுக்கு வந்தது. கதவைத் தட்டுவார்கள், வைப்பார்கள், போய்விடுவார்கள். எங்களைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று தெரியும். ஆனால் எந்த விதியைப் பற்றியும் எங்களில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

பக்கத்து அறைக்காரரும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இரவு விளக்கை அணைக்கும் முன் சுவரில் மூன்று தட்டு. அவர் தட்டுவார், நான் பதில் தட்டுவேன். ஒரு நாள் அவர் இரண்டு தட்டோடு நிறுத்திவிட்டார். மறுநாள் சத்தமே இல்லை. வந்த பணியாளரிடம் கேட்டேன். மற்றவர் உடல்நிலையைப் பற்றிச் சொல்ல அனுமதியில்லை என்றார். எட்டு நாள் கழித்து அவர் கதவிலிருந்த பெயர்ப் பலகையை எடுத்துவிட்டார்கள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

மகளே, நீ போர்வை நுனி என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த இரண்டு தட்டுதான் ஞாபகம் வந்தது. நான் அன்றிரவே மணியை அழுத்தியிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய செய்தி என்று எனக்கே தோன்றவில்லை.

*

ஐயா, உங்களுக்குத் தோன்றாததில் தவறு இல்லை. எனக்குத் தோன்றி, சொல்லியும்கூட நடக்கவில்லை.

நெதர்லாந்தில் 2020 மே மாதமே 26 இல்லங்களில் ஒருவருக்கு ஒரே பார்வையாளர் என்ற கணக்கில் கதவைத் திறந்து பார்த்தார்கள். கூடவே ஆய்வாளர்கள் கண்காணித்தார்கள். அந்த ஆய்வுக் காலத்தில் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. அந்தச் செய்தியை எங்கள் நிர்வாகிக்கு மூன்று முறை அனுப்பினேன். செப்டம்பரில் என்னை மட்டும் அனுமதித்தார்கள். அங்கி, முகக்கவசம், ஒரு மணி நேரம்.

அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசிப் பயனில்லை என்று சீப்பை எடுத்தேன். முடியில் சீப்பு பட்டதும், எப்போதும் போலத் தலையை லேசாகப் பின்னால் சாய்த்துக் கொடுத்தார்.

தம்பி, நீங்கள் சொன்ன மாதிரி அம்மாவுக்கும் ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கிறேன். பத்து வரியில் அடங்கவில்லை, இரண்டு பக்கம் ஆகிவிட்டது. முதல் வரி: "போர்வை நுனியைச் சுருட்டினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்."