புதுப்பிப்பு: ஒர்லாண்டோ ட்ரீம்வொர்க்ஸ் லேண்ட் போய் வந்தோம்

மூன்று வயது மகளையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃப்ளோரிடா தீம் பார்க்கின் புதிய குழந்தைகள் பகுதியான ட்ரீம்வொர்க்ஸ் லேண்டை எப்படிச் சமாளிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "கோஸ்டர் முதலில், தண்ணீர் கடைசியில்" என்ற யோசனைதான். அங்குள்ள ரோலர் கோஸ்டரான ட்ரோலர்கோஸ்டருக்கு 36 அங்குல உயரம் வேண்டும். அளவுகோல் அருகே மகள் கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு விரற்கடை மிச்சம்! 2024 ஜூனில் திறந்த பகுதி என்றாலும், இது பழைய வுடி வுட்பெக்கர் கோஸ்டர்தான். வேஷம் மட்டும் புதிது. இங்கே ஒருவர் சொன்னபடி சைல்டு ஸ்விட்ச் (ஒருவர் கைக்குழந்தையோடு காத்திருக்க மற்றவர் ஏறி, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் வசதி) கேட்டோம். நானும் கணவரும் மாறி மாறி ஏற, அவளுக்கு இரண்டு ரவுண்டு கிடைத்தது.

எதிர்பாராதது மதிய இடி. மின்னல் என்றதும் வெளியே உள்ள ரைடுகளை நிறுத்திவிட்டார்கள். சரி என்று ஏசி அரங்கில் நடக்கும் ஷோவுக்குள் ஓடினோம். கைக்குழந்தை அங்கேயே தூங்கிவிட்டான்.

அப்புறம் குங்ஃபூ பாண்டா தண்ணீர் விளையாட்டு. கால் மட்டும் நனைப்பாள் என்று நினைத்தேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஈரம். மாற்றுத்துணியோடு மாற்றுச் செருப்பும் எடுத்துப் போங்கள்.