சிறு பதிப்பு நிறுவனத்தில் பெண்ணின் உழைப்பு எந்தப் பெயரில் பதிவாகிறது?

கேள்வி: வடசேரி வாசகி

நாகர்கோவிலில், நூல்களை அச்சிலும் ஒலிவடிவிலும் வெளியிடும் ஒரு புதிய நிறுவனத்தில் உதவி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். மொத்தம் எட்டுப் பேர், பெண்கள் மூவர். கடலோர ஊரைச் சேர்ந்த ஒருவர் எழுதிய தன்வரலாற்றில் இரண்டு அத்தியாயங்கள் இடம் மாறினால்தான் கதை தெளிவடையும் என்று கண்டு, அவரிடம் பேசி இசைவு பெற்றேன். அவர் எழுதியிருந்த மீன்களின் பெயர்களையும் வலைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாக அவரிடமே தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தேன். வெளியீட்டு விழாவில் அட்டை வடிவமைத்தவருக்கும் அச்சகத்தாருக்கும் மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். நான் குத்துவிளக்கின் அருகே தட்டு ஏந்தி நின்றேன். நூலின் பதிப்பு விவரங்கள் அச்சாகும் உரிமைப் பக்கத்திலும் என் பெயர் இல்லை.

மனம் வருந்தும் எழுத்தாளரைச் சமாதானப்படுத்துவது, வருபவர்களுக்குத் தேநீர் சொல்வது, அஞ்சல் கட்டுகளைச் சரிபார்ப்பது எல்லாம் யாரும் சொல்லாமலேயே பெண்களின் வேலையாகிவிட்டன. சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும் டிசம்பரில், இரவு வெகுநேரம் அலுவலகத்தில் இருப்பவர்களே ஈடுபாடு உள்ளவர்களாகக் கருதப்படுகிறார்கள். நானோ கடைசிப் பேருந்தைத் தவறவிட முடியாது. நூல்கள் மீதுள்ள விருப்பம் எனக்குக் குறையவில்லை, ஆனால் வேலைக்குக் கிளம்பும் ஊக்கம் குறைந்துவருகிறது. நிறுவனர்களிடம் நான் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: தக்கலை மெய்ப்பாளர்

அன்புத் தங்கைக்கு, நீங்கள் செய்தது அச்சுப் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்தம் அன்று, பதிப்பாசிரியரின் பணி. அத்தியாயங்களின் வரிசையை முடிவுசெய்தவரின் பெயர் உரிமைப் பக்கத்தில் இடம்பெற வேண்டும். அதைக் கேட்பதைத் தற்பெருமை என்று யாரேனும் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். அடுத்த நிறுவனத்தில் உங்கள் தகுதிக்கு நீங்கள் காட்டக்கூடிய சான்று அந்த ஒரு வரிதான்.

பணியிட ஊக்கத்தைப் பற்றி 1959இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், சம்பளமும் பணிச்சூழலும் சரியில்லாதபோது அதிருப்தி உண்டாகும் என்றும், அவற்றைச் சரிசெய்வதால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது என்றும், அங்கீகாரமும் பொறுப்பும் சாதித்த நிறைவுமே ஒருவரை வேலையில் முனைப்புடன் வைத்திருக்கின்றன என்றும் விளக்கினார். உங்களிடம் பொறுப்பு இருக்கிறது, நிறைவும் இருக்கிறது. அங்கீகாரம் மட்டும் வேறொருவரிடம் போய்ச் சேருகிறது. ஆகவே விருப்பம் குறையாமல் ஊக்கம் மட்டும் குறைவதில் வியப்பில்லை.

நம் ஊரில் லண்டன் மிஷன் அச்சகம் இயங்கிய அதே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னல் கற்பித்தார். அச்சு நூல்களில் ஆண்களின் பெயர்கள் தங்கிவிட்டன. ரேந்தை பின்னிய பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை மேலிடுகிறது.

அடுத்த நூலின் வேலை தொடங்கும் முன்பே, யார் பதிப்பாசிரியர், யார் மெய்ப்பாளர், யார் எழுத்தாளருடன் தொடர்பில் இருப்பவர் என்று மின்னஞ்சலில் எழுதிப் பெறுங்கள். தேநீரும் விழாத் தட்டும் எல்லாருக்கும் முறைவைத்து வரட்டும்.

பதில்: மார்த்தாண்டம் தொழில்முனைவர்

மேலே எழுதிய அக்காவின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் சம்பளத்தை அவர் விரைவாகக் கடந்துவிட்டார். பண்பாட்டுத் துறையில் ‘சேவை’ என்ற சொல்லைக் காட்டியே குறைந்த ஊதியத்தை நியாயப்படுத்துகிறோம். அந்தச் சுமை பெண்கள் மீதே கூடுதலாக விழுகிறது, ஏனெனில் அவர்களது வருமானத்தைக் குடும்பத்தின் உபரியாகக் கருதும் வழக்கம் இன்னும் போகவில்லை.

எட்டுப் பேர் கொண்ட நிறுவனம் என்பதையும் கவனியுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த, முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வார மகப்பேறு விடுப்பு, பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் அலுவலகங்களுக்கே உரியது. எனவே விடுப்பைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கேட்பது நல்லது. நிறுவனத்தில் பங்கு தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், அது பிரைவேட் லிமிடெட் நிறுவனமா, கூட்டாண்மை நிறுவனமா என்று முதலில் பாருங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால், ஊழியர் பங்குத் திட்டத்தில் பங்கு வாங்கும் உரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழிந்த பின்னரே அந்த உரிமை உறுதிப்படும்.

பதில்: குலசேகரம்

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும் ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுகிறார்கள். இரவு யார் அலுவலகத்தில் தங்குகிறார் என்பதை வைத்து ஈடுபாட்டை அளக்கும் நிறுவனம், உண்மையில் யாருடைய வீட்டில் வேறொருவர் சமைக்கிறார் என்பதையே அளக்கிறது. டிசம்பர் வேலையை அக்டோபரிலேயே பிரித்துக்கொள்ளும்படி கேளுங்கள். கைப்பிரதி தாமதமாக வந்தால் நூலின் வெளியீட்டுத் தேதியை மாற்றலாமே.

வடசேரி வாசகி

மூவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் உரிமைப் பக்கத்தையும் டிசம்பர் அட்டவணையையும் முதலில் எடுக்கிறேன். மற்ற இரு பெண்களும் என்னுடன் சேர்ந்து பேச ஒப்புக்கொண்டுள்ளார்கள். ஏற்கெனவே அச்சான அந்தத் தன்வரலாற்றின் இரண்டாம் பதிப்பில் பதிப்பாசிரியர் பெயரைச் சேர்க்க, எழுத்தாளரின் இசைவையும் எழுத்தில் வாங்க வேண்டுமா?

தக்கலை மெய்ப்பாளர்

வாங்கிவிடுங்கள். அவரே அந்த வரியைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினால், நிறுவனர்களால் எளிதில் மறுக்க முடியாது.