வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இன விகிதம்: இன உறவில் இதை முன்னேற்றம் என்பதா?

கேள்வி: 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் எல்லா இனத்தவரும் ஒரே புளோக்கில் வாழ்கிறோம். ஆனால் வீட்டை விற்கப் போனால் இந்தியருக்கு விலை படியவில்லை. வாடகை அறை கேட்டாலோ பெயரைப் பார்த்தே தட்டிக்கழிக்கிறார்கள். நம்பிக்கை வைக்கலாமா?

பதில் 1: விலை இறங்க வெறுப்பு காரணமில்லை, ஒவ்வொரு இனப் பிரிவுக்கும் வைத்திருக்கும் விகித வரம்புதான். இந்தியர், மற்றவர் பிரிவுக்கு வட்டாரத்தில் 12%, புளோக்கில் 15%. 2010 வரை 10, 13. சீனருக்கான வரம்பு நிரம்பிய இடத்தில் நம்மவர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவு, பேரம் எடுபடாது. எந்த வரம்பு நிரம்பியிருக்கிறது என்பது மாதம் பிறந்ததும் மாறலாம். ஆப்ஷன் (வாங்குபவருக்குத் தரும் விற்பனை ஒப்புதல் பத்திரம்) கொடுக்குமுன் வீவக தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பதில் 2: கணக்கு சரி அண்ணே. ஆனால் அந்த இழப்பைச் சுமப்பது பெரும்பாலும் சிறுபான்மையினர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதில் 3: எனக்கு நம்பிக்கை உண்டு. வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. இனம் பார்த்து வேலை மறுப்பதற்கு அதில் தடை உண்டு. ஆனால் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தற்போதைக்கு விலக்கு. வாடகை வீடு அதில் வரவே வராது. அடுத்து அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். முகவர் இனம் குறிப்பிட்டு விளம்பரம் போட்டால் தேதியோடு படமெடுத்து, சொத்து முகவர் மன்றத்திடம் புகார் கொடுங்கள்.